துரை வீட்டு நாய்க்கு ஒரு கல்

எண்பத்து நான்காம் ஆண்டு வரை எங்கள் ஊருக்கு வரலாறு கிடையாது. கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் போகும் சாலையில் ஒரு வளைவு, அந்த வளைவில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு பெட்ரோல் நிலையம், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. சிம்பாங் ஈத்தாம் என்றால் இவ்வளவுதான். வரலாறு இல்லையே என்று யாரும் தூக்கம் கெட்டதில்லை. அந்த ஆண்டு ஒரு துணையமைச்சரின் காருக்கு எங்கள் வளைவில் டயர் வெடித்தது. மாற்று டயர் போடும்வரை பொழுது போகவேண்டுமே என்று அவர் சாலையோரம் நின்றவர்களிடம், "இந்த ஊருக்கு என்ன வரலாறு?" என்று கேட்டுவிட்டார். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பெட்ரோல் நிலையத்துக்காரர் மட்டும், "முந்தாநாள் கரண்ட் இல்லீங்க" என்றார்.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் சிம்பாங் ஈத்தாம் வரலாற்றுச் சின்னக் குழு. தலைவர் சிவானந்தம், பக்கத்து நண்டுத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் போய்விட்டது, ஆனால் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறை போகவில்லை. பொருளாளர் இனாயத்துல்லா, வளைவிலேயே சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். கூட்டங்கள் அவர் கடையில் நடந்ததால் அவர் பொருளாளர். குழுவின் முதல் வேலை, டயர் வெடித்த இடத்தில் ஒரு கருங்கல் நடுவது. "இவ்விடத்தில் மாண்புமிகு துணையமைச்சர் வரலாறு குறித்து வினவினார்" என்று அதில் பொறித்தார்கள். கல் இன்றும் இருக்கிறது. லோரிக்காரர்கள் பின்னால் எடுக்கும்போது அதில் மோதித்தான் நிறுத்துகிறார்கள்.

திறப்பு விழா சப்பென்று போய்விட்டது. துணியை விலக்கினார்கள், கைதட்டினார்கள், பிரியாணி தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. சிவானந்தத்துக்கு மனசு ஆறவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார்.

"கல்ல மட்டும் நட்டா அது சமாதி. சம்பவத்த அப்படியே நடத்திக் காட்டிட்டுத்தான் கல்லத் தொறக்கணும். அதுவும் கண்டவன் நடிக்கக் கூடாது. அன்னிக்கு அடிச்சவன் வாரிசு அடிக்கணும், அடி வாங்குனவன் வாரிசு வாங்கணும். அப்பத்தான் அது வரலாறு. இல்லன்னா டிராமா."

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நடிக்கும் வாரிசின் பெயரும், அவருடைய முன்னோர் பெயரும் கல்லில் பொறிக்கப்படும் என்றும் முடிவாயிற்று. இதற்கு 'வாரிசு விதி' என்று பெயர். இதற்குப் பிறகுதான் எங்கள் ஊரில் இரத்தம் ஓட ஆரம்பித்தது.

முதலில் தேர்ச் சண்டை. ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலத்தில் நண்டுத் தோட்டத்தின் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மேல் லயத்தாருக்கும் கீழ் லயத்தாருக்கும் மாரியம்மன் தேரை யார் முதலில் இழுப்பது என்று தகராறு வந்து, கீழ் லயத்தார் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு ஓடிப்போனார்கள். கல்லும் அப்படியே எழுதித் தயாராகிவிட்டது. ஆனால் கீழ் லயத்துப் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடி ஒருமுறை தோற்க விருப்பமில்லை. தாத்தன் தோற்றதையே அவர்கள் வீட்டில் யாரும் ஒத்துக்கொண்டதில்லை. விழாவன்று செம்பனைக் குலை குத்தும் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது, ஒருவனுக்குக் காது பாதி போயிற்று, தேர் சாய்ந்து ஒருவன் காலில் விழுந்தது. ஆம்புலன்ஸ் வந்து போய்க்கொண்டிருந்த நேரத்தில் சிவானந்தம் ஒலிபெருக்கியில், "வரலாறு உயிரோட இருக்கு, கண்ணால பாக்குறீங்க" என்று பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை ஓடியது மேல் லயத்தார் என்பதால் கல்லில் 'கீழ்' என்றிருந்ததை அங்கேயே பெயின்ட் அடித்து 'மேல்' என்று மாற்றினார்கள். இப்போது படித்தால் மேல் லயத்தார் மேல் லயத்தாரிடம் தோற்றதாகத்தான் இருக்கிறது.

அடுத்தது கள்ளுக்கடை. முப்பதுகளில் சீர்திருத்தக்காரர்கள் ஒரு கள்ளுக்கடையைக் கொளுத்தினார்கள். அது இருந்த இடத்தில்தான் இப்போது இனாயத்துல்லாவின் கடை இருக்கிறது. விஷயம் வெளியானதும் மனுஷன் ஆடிப்போனார்.

"தலைவரே, வாசல்ல கள்ளுன்னு கல்லு வச்சா எவன் லா என் கடையில சாப்பிடுவான்? குளிர்பானம்னு போடுங்க" என்றார்.

குளிர்பானம் என்றே போட்டார்கள். குளிர்பானக் கடையை எதற்காக மக்கள் கொளுத்த வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, "கடும் வெயில் காரணமாக" என்று சேர்த்தார்கள். கொளுத்தியவர்களின் வாரிசுகள் தீப்பந்தத்தோடு வந்தார்கள். வாசலில் கட்டிய கீற்றுப் பந்தலை மட்டும் எரிப்பது என்றுதான் பேச்சு. காற்றுக்குக் குழுவின் தீர்மானம் தெரியாது. அடுப்படி எரிந்தது, எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து பரோட்டா போடுகிறவருக்கு இரண்டு கையும் தோல் உரிந்தது. "வரலாற்றுக்கு விலை உண்டு" என்றார் சிவானந்தம். பரோட்டாக்காரர் அந்த விலையோடு சொந்த ஊருக்குக் கப்பலேறினார்.

மூன்றாவது கல்லைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எண்பத்தாறில் சிவானந்தத்துக்கு ஒரு நினைவு வந்தது. முப்பத்தேழில் நண்டுத் தோட்டத்து மேனேஜர் பேட்டர்சன் துரையிடம் டியூக் என்று ஒரு நாய் இருந்தது. அதை ஆற்றோரம் நடக்கக் கூட்டிப்போவது செல்லன் என்ற தொழிலாளியின் வேலை. ஒருநாள் முதலை நாயை இழுத்துப் போய்விட்டது. துரை பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், எல்லாத் தொழிலாளரையும் நிறுத்திவைத்து, மணிக் கம்பத்தில் செல்லனைக் கட்டி அடிக்கச் சொன்னார். தொழிலாளரை மேய்க்கும் பெரிய மண்டோர் அடித்தார். சில நாளில் செல்லன் செத்துப்போனார். தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சிவானந்தத்துக்கு அதில் நாய் மட்டும் நினைவிருந்தது. டியூக்குக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

செல்லனின் மகன் காளியண்ணன் அதே தோட்டத்தில் செம்பனைக் குலை லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். தகப்பன் சாகும்போது கைக்குழந்தை. முகம் தெரியாது, படம் கிடையாது. புதைத்த இடத்தில் முன்பு கித்தா, அதாவது ரப்பர் மரம் இருந்தது. அதை வெட்டி, புல்டோசர் விட்டு நிரவி, செம்பனை நட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் திதியன்று காளியண்ணன் சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய், எந்த மரம் என்று தெரியாமல், ஏதோ ஒரு மரத்தடியில் படைத்துவிட்டு வருவார். அவருக்கு இதுவே தீராத குறை.

நாய்க்குக் கல் வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு இனாயத்துல்லா கடைக்கு வந்தார். மனைவி நவமணியும் கூட வந்தாள்.

"கிராணியாரே, நாய்க்கு வைங்க. வேணாங்கல. அதுலயே ஓரமா எங்கப்பா பேரையும் போட்டுருங்க. செல்லன்னு ஒரு வார்த்த போதும்."

"சாதாரண ஆள் பேரக் கல்லுல போடுறதுக்கு ஒரு முறை இருக்கு, காளியண்ணா. வாரிசு விதி. நீ நடிச்சா உன் பேரு வரும், உங்கப்பா பேரும் வரும்."

"என்னா நடிக்கணும்?"

"அடி வாங்கணும்."

நவமணிக்கு முகம் மாறிவிட்டது. "என்னாங்க இது, வாங்க போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாழமட்டைம்மா" என்று இனாயத்துல்லா சமாதானம் சொன்னார். "சும்மா சத்தம்தான் வரும். என் பேரனையே அடிச்சுப் பாத்தேன், சிரிக்கிறான்."

"எங்கப்பா ரோத்தான் பெரம்புல வாங்குனாரு. வாழமட்டைல வாங்க எனக்கென்னா" என்று காளியண்ணன் ஒத்துக்கொண்டார்.

அடிக்க வேண்டிய வாரிசு தங்கராஜு. பெரிய மண்டோரின் பேரன். மண்டோர் பரம்பரை எல்லாம் எப்போதோ கரைந்துபோய், தங்கராஜு காளியண்ணனின் லோரியில்தான் குலை ஏற்றிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே தட்டில் பசியாறுகிறவர்கள். "அண்ணன நான் அடிக்க மாட்டேன்" என்று தங்கராஜு முரண்டு பிடித்தான். காளியண்ணனே போய், "எனக்காக அடிடா, அப்பா பேருக்காக" என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, பெரட்டுக் களத்தில். துணியால் மூடிய கல் நடுவில் நின்றது. பேட்டர்சன் துரைக்கு வாரிசு கிடைக்கவில்லை. அன்று ஆற்றில் மின்மினிப்பூச்சி பார்க்க வந்து, பகலை எங்கே கழிப்பது என்று தெரியாமல் கடைத்தெருவில் திரிந்த ஒரு வெள்ளைக்காரனை இனாயத்துல்லா பிடித்துக்கொண்டு வந்தார். அவன் ஏதோ ஐரோப்பிய நாட்டுப் பள்ளி ஆசிரியர். அரைக்கால் சட்டையோடு நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் மாலை போட்டு, "நீங்கள் தலையை ஆட்டினால் போதும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவனுக்கு மாலை மிகவும் பிடித்திருந்தது.

சம்பவம் தொடங்கியது. லோரிப் படுதாவுக்குள் இரண்டு பேர் நுழைந்து முதலையாக ஊர்ந்து வந்தார்கள். டியூக்காக நிறுத்திய தெருநாய் முதலையைக் கண்டதும் ஓடவில்லை. பாய்ந்து முதலையின் பின்பகுதியிலிருந்த ஆளின் பிட்டத்தைக் கவ்விவிட்டது. ஜனங்கள் சிரித்து உருண்டார்கள். நாயைக் கட்டையால் அடித்து விலக்கவேண்டியதாயிற்று. அடித்தவன் கொஞ்சம் ஓங்கிப் போட்டுவிட்டான். நாய் அங்கேயே கால் உதறிச் செத்தது. "ஆக, டியூக் மறைந்தது" என்று சிவானந்தம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

காளியண்ணனைச் சட்டை கழற்றி மணிக் கம்பத்தில் கட்டினார்கள். தங்கராஜு வாழைமட்டையால் இரண்டு போடு போட்டான். சத்தம் வந்தது, காளியண்ணனுக்கு முதுகைச் சொறிந்ததுபோல்தான் இருந்திருக்கும். போட்டோ எடுக்க வந்தவர் கையைத் தூக்கி, மட்டை கிழிந்து தொங்குவது படத்தில் கேவலமாக இருக்கிறது என்றார். சிவானந்தம் யோசிக்கவே இல்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து துணி சுற்றிய நீளமான ஒன்றை எடுத்தார்.

"பெரியோர்களே, இது நம்ம தோட்டத்து ஆபீஸ்ல இருந்த அசல் ரோத்தான். நான் வேலைல இருந்தப்ப சொந்தக் கையால எத்தன பேரத் திருத்தியிருப்பேன், கணக்கில்ல. ரிட்டயர்டு ஆகும்போது எனக்குக் கடிகாரம் குடுத்தாங்க. வேணாம், இதக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். இன்னிக்கு ஊருக்கு உபயோகப்படுது."

கைதட்டல். தங்கராஜு ரோத்தானை வாங்காமல் நின்றான். காளியண்ணன் கம்பத்திலிருந்து திரும்பிப் பார்த்து, மூடியிருந்த கல்லைத் தாடையால் காட்டி, "அடிடா" என்றார்.

தங்கராஜு மெல்ல அடித்தான். ஒலிபெருக்கி அலறியது.

"பின்வரிசைக்குக் கேக்கல! தங்கராஜு, உங்க தாத்தா இப்படியா அடிச்சாரு? அவரு அடிச்சா அடுத்த டிவிசன்ல கேக்கும். பரம்பரைப் பேரக் கெடுக்காத!"

தங்கராஜு அழுதுகொண்டே ஓங்கினான். தோல் கோடு கோடாகப் பிரிந்தது. அந்த வெள்ளைக்காரன் மரியாதைக்காகத் தலையாட்டினான். அவன் தலையாட்டியதும் ஒரு தொண்டர், "துரை உத்தரவு!" என்று கத்தினார். தங்கராஜு மறுபடி அடித்தான். அவன் மறுபடி தலையாட்டினான். இப்படியே போயிற்று. ஒரு கட்டத்துக்கு மேல் தங்கராஜு அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால் அகட்டி, முழுத் தோளையும் கொடுத்து அடித்தான். பாவி, அவனுக்கு என்ன ஆயிற்றோ. காளியண்ணனின் கால்சட்டை இடுப்பிலிருந்து இரத்தத்தில் நனைந்தது. நவமணி, "ஐயோ விடுங்கடா" என்று அலறிக்கொண்டு ஓடினாள். பேட்ஜ் குத்திய தொண்டர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, விழா நடக்குது. முடிஞ்சதும் பேசலாம்."

கைதட்டல் நின்றுபோய் வெகு நேரம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் இரத்தத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அவன் பாஷையில் ஏதோ கத்தினான். இனாயத்துல்லா அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து ஒரு டம்ளர் ரோஸ் சிரப் கொடுத்தார். காளியண்ணனின் கண் கல்லைவிட்டு நகரவில்லை. அவருக்கு வேண்டியது அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது.

கட்டை அவிழ்த்தார்கள். துணியை விலக்கினார்கள். காளியண்ணனுக்குப் படிக்க வராது. ஜப்பான்காரன் வந்தபோது மூடிய பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சிவானந்தம் உரக்கப் படித்தார்.

"பேட்டர்சன் துரை அவர்களின் விசுவாசமுள்ள நாய் டியூக், 1937ஆம் ஆண்டு முதலையால் மரணமுற்ற செய்தி இவ்விடத்தில் அறிவிக்கப்பட்டது. டியூக் பழுப்பு நிறம், நான்கு வயது, பந்து எடுத்து வருவதில் வல்லது. அதன் நினைவாக ஒரு தொழிலாளி கண்டிக்கப்பட்டார். இக்கல்லைத் திறந்தவர் தலைவர் சிவானந்தம்."

காளியண்ணன் இன்னும் வரும் என்று காத்திருந்தார். சிவானந்தம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா பேரு?"

"அதாவது காளியண்ணா, வாரிசு விதி முக்கிய சம்பவத்துக்குத்தான். முக்கிய சம்பவம் நாய் செத்தது. நாய்க்கு வாரிசு இல்ல. அதனால இந்தக் கல்லுக்கு வாரிசுப் பேரே கெடையாது."

"ஒரு வார்த்த கேட்டேன், கிராணியாரே."

"செல்லன்னு போட்டா எந்தச் செல்லன்னு கேப்பாங்க. தோட்டத்துல பத்துச் செல்லன் இருந்தான். டியூக் ஒண்ணுதான்."

இதையும் அவர் ஒலிபெருக்கியில்தான் சொன்னார்.

காளியண்ணன் தங்கராஜுவைப் பார்த்துக் கையை நீட்டினார். தங்கராஜு ரோத்தானைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். முதல் அடி சிவானந்தத்தின் வாயில் விழுந்தது. முன்பல் ரோஸ் சிரப் டம்ளர்ப் பக்கம் தெறித்தது. இரண்டாவது அடி கழுத்தெலும்பில். அவர் ஒலிபெருக்கியை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தார். அதனால் எங்கள் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இது வரலாற்றுல இல்ல! அன்னிக்கு எவனும் திருப்பி அடிக்கல! ஐயோ, தீர்மானத்துல இல்லடா இது!"

வெள்ளைக் காலுறை சிவப்பாகும்வரை காளியண்ணன் அடித்தார். தடுக்கப் போன இனாயத்துல்லாவுக்கும் விரலில் ஒன்று விழுந்தது. தொண்டர்கள் நவமணியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்கள். துணையமைச்சரின் பிரதிநிதியாக வந்திருந்தவர், நிகழ்ச்சியிலேயே இந்தப் பகுதிதான் தத்ரூபம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, எழுந்து நின்று கைதட்டினார். ஜனங்களும் தட்டினார்கள். அது மாத்தாக்காரர்களின் போலீஸ் ஜீப் வரும்வரை நிற்கவில்லை.

நீதிமன்றத்தில் காளியண்ணன் தகப்பன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சுதந்திரத்துக்கு முந்திய அடி இந்த வழக்குக்குள் வராது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். முதுகைத் திருப்பிக் காட்டினார். அது சம்மதத்தோடு நடந்த கலாசார நிகழ்ச்சி என்றார்கள். சில மாதம் உள்ளே போட்டார்கள்.

வரலாற்றுச் சின்னக் குழு அவசரமாகக் கூடியது. சிவானந்தம் கையைத் தொங்கலில் கட்டிக்கொண்டு, பல் இல்லாத வாயால் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வரலாற்றுக்காக இரத்தம் சிந்திய ஒரு தலைவருக்கு இந்த வட்டாரத்தில் கல் இல்லை, அதனால் ஒன்று வைக்க வேண்டும், அதுவும் நாய்க் கல்லைவிடப் பெரிதாக. ஒரு மனதாக நிறைவேறியது. அப்படியானால் வாரிசு விதிப்படி அடிபட்டவர் மறுபடி அடி வாங்கினால்தானே திறக்க முடியும் என்று இனாயத்துல்லா சந்தேகம் கேட்டார். அந்த விதி அன்றைக்கே ரத்தாயிற்று.

கல்லில் காளியண்ணன் பெயரையும் போட வேண்டும் என்று சிவானந்தமே பிடிவாதமாக நின்றார்.

"காலாகாலத்துக்கும் காறித் துப்பணும். அதுவும் மொட்டையாக் காளியண்ணன்னு போடாதீங்க. தோட்டத்துல இன்னும் ரெண்டு பேரு இருக்கான், தப்பிச்சிருவான். கோர்ட்டுல எப்படிக் கூப்புட்டாங்களோ அப்படியே முழுசாப் போடுங்க. எந்தக் காளியண்ணன்னு உலகத்துக்குத் தெரியணும்."

இந்த நாட்டில் கோர்ட்டில் ஒருவனைக் கூப்பிட்டால் இன்னார் மகன் இன்னார் என்று தகப்பன் பெயரோடுதான் கூப்பிடுவார்கள். கல்வெட்டுக்காரனும் நல்ல ஆழமாக வெட்டி, தங்க மை பூசிக் கொடுத்தான்.

விடுதலையான அன்று நவமணி போய் பஸ்ஸில் கூட்டி வந்தாள். வீட்டுக்குப் போவதற்கு முன் பெரட்டுக் களத்துக்கு அழைத்துப் போனாள். காளியண்ணன் இளைத்திருந்தார். கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஆள் உயரம் இருந்தது. பக்கத்தில் டியூக்கின் கல் அதன் முழங்கால் அளவுக்குக்கூட வரவில்லை.

"என்னா போட்டிருக்கான்?"

நவமணி புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு, விரல் வைத்துப் படித்தாள். "இவ்விடத்தில் வரலாற்றுக்காக இரத்தம் சிந்தினார் தலைவர் சிவானந்தம். அவரை மிருகத்தனமாகத் தாக்கியவன், நண்டுத் தோட்டம், செல்லன் மகன் காளியண்ணன்."

காளியண்ணன் கால் பெருவிரல்களை ஊன்றி எக்கி, அந்தத் தங்க எழுத்து இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். எது எந்த எழுத்து என்று அவருக்குத் தெரியாது. நவமணி அவர் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவர் அழுதுகொண்டே செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்தார்.

"சோறு இருக்காம்மா வீட்டுல?"

"இருக்கு. கருவாட்டுக் கொழம்பும் வச்சிருக்கேன்."

"இங்க எடுத்துட்டு வா" என்றார் காளியண்ணன்.